பொருட்கள் கிடைத்த விதம்

படிவத்தின் ஏழாவது கேள்விக்கு மூன்று கோடுகள்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். "பயன்படுத்திய பொருட்கள் எங்கிருந்து, எப்படிக் கிடைத்தன?" என்று கேட்டுவிட்டு மூன்று கோடு போதும் என்று நினைத்தவர், குப்பையில் கைவைத்து ஒரு சிலையும் செய்யாதவராகத்தான் இருப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

நான் அனுப்பியிருக்கும் சிலைக்கு 'அளவெடுப்பவள்' என்று பெயர். தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், நிஜ ஆள் அளவு. மொத்தம் முப்பத்தொரு பொருட்கள். முப்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுத்தலும் இல்லை. முப்பத்தொன்றாவது, இடது கண்ணின் கீழ் இமையாக ஒட்டியிருக்கும், அளவெடுக்கும் டேப்பின் அரை அங்குலத் துண்டு. அது மட்டும் விலைக்கு வாங்கியது. வாங்கிய பொருள் கூடாது என்பது உங்கள் போட்டியின் முதல் விதி. மறைத்துப் பரிசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கிவிட்டு, கடற்கரையில் கிடைத்தது என்று எழுதுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. அந்தத் துண்டு எப்படி வந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தகுதி உண்டா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பல்செட் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். வாயின் அச்சை டாக்டர் அனுப்புவார். அதற்குப் பொருந்தப் பல்வரிசை செய்து கொடுப்பேன். ஒரு பல் மயிரிழை உயர்ந்து நின்றாலும் போட்டவருக்கு வாய் புண்ணாகிவிடும். நான் செய்த பல்செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வருவது புரிவதற்காகச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. கீழே தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகள். தம்பி மனைவி தையல்காரி. தெருவே அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில்தான் என் சிலை வேலை நடந்தது.

என் வேலைக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். பொருளுக்கு உடையவர் தன் கையாலேயே அதை வெளியே போட்டிருக்க வேண்டும். கேட்டு வாங்கக் கூடாது, எடுக்கக் கூடாது, இரவல் கூடாது. ஆற்றில் ஒதுங்கிய கட்டை, உதிர்ந்த இறகு, காய்ந்து விழுந்த நெற்று இவையெல்லாம் மரமும் பறவையும் வேண்டாமென்று விட்டவை, அதனால் எடுக்கலாம். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் துருப்பிடித்த சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் அதைத் தெருவுக்குத் தள்ளும் வரை இரண்டு வருடம் காத்திருந்தேன்.

ஏழு வருடமாக ஓர் எருமை செய்தேன். படுத்து அசைபோடும் எருமை. விலா எலும்புக்கு ஆற்றங்கரைக் கட்டைகள், தோலுக்குக் கிழிந்த பஸ் ட்யூப், காதுக்குப் பழைய செருப்புத் தோல், கொம்புக்குத் தண்ணீர் வழவழப்பாக்கிய இரண்டு வேர்கள், கண்ணுக்குக் கதவில் கழன்று விழுந்த இரண்டு கறுப்புக் குமிழ்கள். பல்லுக்கு, கூடத்தில் மற்றவர்கள் சொதப்பித் தூக்கியெறிந்த பல்செட்கள். எருமைக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால் முன்பக்கம் கீழ்வரிசை மட்டும் வைத்தேன். தம்பி அதைப் பார்க்கும்போதெல்லாம், "ஏற்கனவே வீட்ல இருக்கிற எருமைக்கே தீனி போட முடியல" என்பான். தன்னைச் சொல்கிறானா என்னைச் சொல்கிறானா என்று நான் கேட்டதில்லை.

போன தடவை உங்கள் கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்புவதாக இருந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் எனக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தால் பினாயில் வாசனை. தரை கழுவியிருந்தது. புதிதாக ஒரு ட்யூப்லைட். நடுவில் துணி வெட்டும் நீள மேஜை.

டெய்லரம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் கிடைத்திருந்தது. இடம் தேவைப்பட்டிருக்கிறது. எருமை முழுதாக லாரியில் ஏறவில்லை என்று குப்பைக்காரர்கள் கோடாலியால் நாலாகப் பிளந்திருக்கிறார்கள். இதை அவளே சொன்னாள். தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"என்னக்கா பெரிய விஷயம்? குப்பையைக் குப்பையில போட்டேன். வீடு இப்பதான் வீடு மாதிரி இருக்கு."

தம்பி சிரித்தான். "விடுக்கா. உனக்கென்ன, மறுபடி பொறுக்கிக்கலாம்."

அவளும் சிரித்தாள். நான் அழவில்லை. வயிற்றில் தையல் இருந்தது, அழுதால் இழுக்கும். மாடிப்படி ஏறும்போது தம்பி மகள் பின்னால் ஓடிவந்து, ஸ்கூல் பையிலிருந்து ஒரு கறுப்புக் குமிழை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒரு கண்ணு மட்டும் எடுத்து வச்சேன் அத்தை" என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

எனக்கு அவள் அம்மா மேல் வந்தது கோபமென்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் போய்விடும். இது வந்து உட்கார்ந்துகொண்டது. வயிறு ஆறுவதற்குள் அடுத்த சிலை என்னவென்று தெரிந்துவிட்டது. அவளையே செய்வது. மரமும் பறவையும் விட்டவை போக, மற்றதெல்லாம் அவள் தன் கையால் தூக்கியெறிந்த பொருட்களாகவே இருக்க வேண்டும். குப்பையைக் குப்பையில் போடுகிறவள்தானே, போடட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் எதையும் போடவில்லை. பால் கவரும் காய்கறித் தோலும் தவிர அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே வராது. ஊசி முனை மழுங்கினால் தீட்டி வைப்பாள். நாலு மாதம் குப்பைக் கூடையைப் பார்த்துக் கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. மனிதர்கள் உடைந்த பொருளை வெளியே போடுவதில்லை. பார்க்கச் சகிக்காத பொருளைத்தான் போடுகிறார்கள். அப்படியானால் அவளுடைய பொருட்கள் அவளுக்குப் பார்க்கச் சகிக்காமல் போக வேண்டும்.

அவளிடம் இரண்டு டேப் இருந்தன. ஆள் அளக்கிற டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். துணி அளக்கிற டேப் மேஜையில் இருக்கும். அதன் தலைப்பக்கப் பித்தளைத் தகட்டில் ஓர் ஓட்டை, மேஜை விளிம்பின் ஆணியில் அதை மாட்டியிருப்பாள். நான் அதே போல் புதிதாக ஒன்று வாங்கினேன். தலைப்பக்கம் அரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தகட்டை மறுபடி பொருத்தினேன். தேநீர்த் தண்ணீரில் ஊறவைத்து, நாலு நாள் வெயிலில் போட்டு, பழைய டேப்பின் மஞ்சளுக்குக் கொண்டுவந்தேன். பல்லின் நிறத்தை வயதுக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. டேப்பின் முதல் அங்குலத்தை யாரும் பார்ப்பதில்லை. கண் நேரே போய் கடைசி எண்ணில்தான் நிற்கும். நான் வெட்டியெடுத்த துண்டுதான் முப்பத்தொன்றாவது பொருள்.

மூன்றரை மணிக்கு அவள் மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போவாள். ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டப் பத்து நொடி ஆகும். அதற்குப் பிறகு வெட்டுகிற ஒவ்வொரு துண்டுத் துணியும் அரை அங்குலம் குறையும். நாலு துண்டு சேர்த்து ஒரு சட்டையென்றால் இரண்டு அங்குலம்.

முதல் தடவை எண்பது சட்டைகள். எந்தப் பிள்ளைக்கும் பொத்தான் போட முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் டெய்லரம்மா, நீங்க அளவெடுத்துட்டுப் போன பத்து நாள்ல எங்க பிள்ளைங்க எல்லாம் ஊதிப்போயிட்டாங்களா?" என்று கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாள் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அவள் மறுபடி தைத்தபோது நல்ல டேப்பை மாட்டிவிட்டேன். அச்சு மாதிரிப் பொருந்தியது. எப்போதும் தப்பாக வந்தால் காரணத்தைத் தேடுவார்கள், சில நாள் மட்டும் தப்பாக வந்தால் தன்னையே சந்தேகப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

டேப்பையும் அவள் சந்தேகப்படாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி இரண்டு டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தான். நூல் பிசகவில்லை. சனிக்கிழமையே மாற்றியிருந்தேன்.

"டேப் சரியாத்தான் இருக்கு. உனக்குத்தான் கவனம் இல்ல" என்றான்.

"நான் ரெண்டு தடவை பாத்துத்தாங்க வெட்டினேன்."

"ரெண்டு தடவையும் தப்பாப் பாத்திருப்பே."

என் தம்பி கெட்டவன் இல்லை. யோசிக்கச் சோம்பல்படுகிறவன், அவ்வளவுதான். அவன் அன்று டேப்பை முனையிலிருந்து பார்த்தான் என்பதற்காக அவனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

முதலில் வெளியே வந்தது மூக்குக்கண்ணாடி. கண் டாக்டரிடம் போய் புதிது வாங்கினாள், அதுவும் சரியில்லை என்று இன்னொன்று வாங்கினாள். மூன்றும் குப்பைக்கு வந்தன. சிலையில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறேன். பிறகு சாக்கட்டித் துண்டுகள், ஊசி குத்திவைக்கிற பஞ்சுத் தலையணை, அளவு எழுதிவைக்கிற நோட்டு, தைத்துப் பிரித்த சீருடைத் துணி. அந்தத் துணிதான் சிலையின் தோல். ஒரு நாள் சட்டை மாட்டிப் பார்க்கிற பொம்மையைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே தள்ளினாள். தலையும் கையும் இல்லாத அந்த உடம்பைத் தெருவே பார்த்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நான் போய் எடுத்துக்கொண்டேன். கைகளுக்கு ஆற்றங்கட்டை ஏற்கனவே தயாராக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி வந்தது. பெற்ற மகளைப் பார்த்தே நீ யாரம்மா என்று கேட்டவர். முதல் அறிகுறி என்னவென்றால், அவர் சில்லறையைத் தப்பாக எண்ணத் தொடங்கினார். இதை டெய்லரம்மா எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள், கல்யாணமாகி வந்த புதிதில், வெங்காயம் உரித்துக்கொண்டே. தம்பிக்குக்கூடத் தெரியாது. நான் டேப் வாங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு முடிந்திருந்தது. அவள் எதற்குப் பயப்படுவாள் என்று தெரிந்துதான் நான் டேப்பைத் தேர்ந்தெடுத்தேன். கத்தரிக்கோலை மழுங்கடித்திருக்கலாம், மெஷின் பெல்ட்டை அறுத்திருக்கலாம். அதெல்லாம் தொந்தரவு. எனக்குத் தொந்தரவு கொடுப்பதில் ஆசை இல்லை.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஒன்றும் இல்லை என்று சொன்னதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. தம்பி மகள் ஒரு சாயங்காலம் மேஜையடியில் விளையாடிவிட்டு மாடிக்கு வந்தாள்.

"அத்தை, கீழ இருக்கிற டேப்புல ஒண்ணாம் நம்பர் மட்டும் குட்டியா இருக்கு."

அந்த வீட்டில் முதல் அங்குலத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். மறுநாள் நல்ல டேப்பை மாட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்க, காட்டு."

குழந்தை பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். "நேத்து குட்டியா இருந்துச்சு அத்தை."

"நேத்தும் இப்படித்தான் கண்ணு இருந்துச்சு. உங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. யார்கிட்டயும் சொல்லாதே, அப்பா பயந்துருவாரு."

அவள் சொல்லவில்லை. அதன் பிறகு படத்துக்கு வண்ணம் தீட்டும்போது பென்சிலை எடுத்து, "இது பச்சைதானே அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் தீட்டுவாள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அவளை நான் ஒரு நாளும் அதட்டியதில்லை, கேட்டபோதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

பதினோராவது மாதம் தையல் மெஷின் வெளியே வந்தது. அவளுடைய அம்மா கொடுத்த மெஷின். நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, ஆள் வைத்துத் தூக்கித் தெருவோரம் வைத்தாள். "இதப் பாத்தா எனக்கு நெஞ்சு படபடக்குது, யார் வேணா எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் எடுத்துக்கொண்டேன். சிலையின் முன்னால் இருப்பது அதுதான்.

மறுநாள் என் அறைக்கு வந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் மாடிக்கு வந்தது அது இரண்டாவது தடவை. சிலையைப் பழைய போர்வை போட்டு மூடியிருந்தேன். என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க எருமையைத் தூக்கிப் போட்டேன்ல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. அந்தப் பாவம்தான்க்கா என்னைப் பிடிச்சு ஆட்டுது. நீங்க வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். எடை குறைந்திருந்தாள், தோளெலும்பு கையில் குத்தியது. என் சிலைக்குத் தோளை இன்னும் கூர்மையாக வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. நிறுத்தியிருந்தால் அன்று நிறுத்தியிருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் தலைமுடி மட்டும் பாக்கி இருந்தது. சணல் வைத்துப் பார்த்திருந்தேன், தேங்காய் நார் வைத்துப் பார்த்திருந்தேன், எதுவும் ஒட்டவில்லை. முடியில்லாமல் யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள்.

தைப்பதை விட்ட பிறகும் அவள் அளப்பதை விடவில்லை. கொட்டகைக்குப் போய், கையில் கிடைத்ததை மேஜைமேல் வைத்து அளப்பாள். கரண்டியை அளப்பாள், தலையணை உறையை அளப்பாள், மகளின் செருப்பை அளப்பாள். அளவை ஒரு தாளில் எழுதி, சாயங்காலம் மறுபடி அளப்பாள். ஒரு நாள் தன் பின்னலையே மேஜையில் நீட்டிப் போட்டு அளந்திருக்கிறாள். காலையில் நல்ல டேப் இருந்தது. மூன்றரை மணிக்குப் பிறகு என் டேப்.

"அக்கா, காலையில இருபத்தெட்டு இருந்துச்சு. இப்ப இருபத்தெட்டரை. ஒரே நாள்ல முடி அரை அங்குலம் வளருமா?"

"வளராதும்மா" என்றேன்.

"நீங்க ஒரு தடவை பாருங்கக்கா."

பார்த்தேன். டேப் இருபத்தெட்டரை என்று காட்டியது. "இருபத்தெட்டுதான் இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் மேஜையிலேயே இருந்தது. நான் தடுக்கவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சட்டென்று நகர முடியாது. அவள் பின்னலைக் கழுத்தோடு வெட்டி, ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, தன் கையாலேயே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இது நிறைந்திருக்கிறதா என்று அண்ணன் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறாள். என்னை அடையாளம் தெரிகிறது. தெரிகிறது என்பதை என்னிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். தம்பி மகள் எங்களோடு இருக்கிறாள். அமைதியான பிள்ளை. நான்தான் தலைவாரிப் பின்னிவிடுகிறேன்.

ஆக, நான் செய்தது இதுதான். தெரிந்து செய்தேன், பதினான்கு மாதம் செய்தேன். பழிவாங்கினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பத்தொன்றாவது பொருளால் தகுதி இழக்க நேர்ந்தால் அந்த இமையை மட்டும் பிரித்து எடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். முகபாவம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இனி ஒன்பதாவது கேள்வி. அதற்கு நீங்கள் ஒரு கட்டம் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள்: "இயற்கைப் பொருட்களைச் சேகரித்தபோது எந்த உயிருக்கேனும் துன்பம் விளைந்ததா?" இல்லை என்று குறித்திருக்கிறேன். கன்னத்துக்கு வைத்திருப்பது கொட்டகைக் கூரையில் இருந்த ஒரு குளவிக்கூடு. கடைசிக் குளவியும் தானாகப் பறந்து போகட்டும் என்று நாற்பது நாள் காத்திருந்துதான் அதை எடுத்தேன்.